மீட்டருக்குப் பின்னால்

பெட்ரோல் குறைகிறது, கிலோமீட்டர் கூடவில்லை. 1997 ஆவணியில் லட்சுமிநாராயணன் இதைக் கவனித்தார். விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருந்தவர் அவர். வீட்டு வாசலில் அறுபத்துநாலாம் வருஷத்து ஃபியட் ஒன்று நின்றது. அவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் தினமும் காலையில் கடைக்குக் கிளம்பும்போது, வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்து டைரியில் குறித்துக்கொள்வார். முன்பெல்லாம் பத்து நாள் வந்த பெட்ரோல் இப்போது ஆறு நாளில் தீர்ந்தது.

டிரைவர் மொக்கையன் மேல்தான் சந்தேகம் விழுந்தது. பேரையூர்க்காரன், பதினெட்டு வருஷமாக அவரிடம் வண்டி ஓட்டுகிறவன்.

"பெட்ரோலை உறிஞ்சி யாருக்குடா குடுக்குற?"

"நான் எடுக்கல மொதலாளி."

"அப்ப வண்டி நின்ன எடத்துலயே குடிச்சிருச்சா?"

மொக்கையன் தரையைப் பார்த்தான். லட்சுமிநாராயணனுக்கு அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. உள்ளே இருந்த அவர் மனைவி அலர்மேல்மங்கை, வாசலுக்கு வரப் போனவள் போல ஓரடி வைத்து அப்படியே நின்றாள்.

பைபாஸ் ரோட்டில் பழைய கார்களை மட்டும் பார்க்கும் அசோக்குமாரின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடச் சொல்லிவிட்டு, மொக்கையனுக்கு அன்று லீவு கொடுத்தார். டேங்கில் ஒழுகல் இல்லை. கார்புரேட்டரும் சரியாக இருந்தது.

"மீட்டர்தான் சார். உள்ள பல்சக்கரம் சிக்கிச் சிக்கி ஓடுதோ என்னமோ. டேஷ்போர்டைக் கழட்டித்தான் பாக்கணும்."

"இப்பவே கழட்டுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

ஸ்டூலை இழுத்துக் காருக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். பழைய மீட்டர்களுக்குச் சென்னையில் கிராக்கி என்று கேள்விப்பட்டிருந்தார். அசோக்குமார் ஸ்பேனர் எடுக்கப் போன நேரத்தில் மீட்டர் கண்ணாடியின் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

திரும்பி வந்தவன் அதைப் பார்த்துவிட்டான். "மாத்திருவேன்னு அடையாளம் வச்சீங்களா சார்?"

"ஒரு இதுக்குத்தான் தம்பி."

அவன் முகம் சுருங்கியது. பேட்டரி வயரைக் கழற்றினான், ஸ்டியரிங்கை எடுத்தான், சோக் குமிழையும் லைட் சுவிட்சையும் பிடுங்கினான். கழற்றிய ஒவ்வொரு ஸ்குரூவையும் அது இருந்த இடத்தை வரைந்த அட்டையில் குத்தி வைத்தான். முப்பது வருஷத்துக்கு மேல் அசையாத தகடு. எண்ணெய் விட்டு, தட்டி, விளிம்பைப் பிடித்து நெம்பினான். மெல்ல முன்னால் வந்தது. உள்ளே விரல்கடை கனத்துக்குத் தூசி.

டார்ச்சை உள்ளே அடித்துக் குனிந்து பார்த்தான்.

"சார், இங்க வாங்க. சுத்தி எம்புட்டுத் தூசி பாருங்க. இந்த ஒரு நட்டு மட்டும் பளபளன்னு இருக்கு."

மீட்டரோடு கேபிளைச் சேர்க்கும் நட்டு அது.

"இதைக் கழட்டி விட்டா வண்டி எம்புட்டுத் தூரம் போனாலும் மீட்டர் ஓடாது. திரும்பி வந்து மாட்டிட்டாப் போச்சு. யாரோ அடிக்கடி இதைச் செஞ்சிருக்காங்க. ஒல்லியான கையா இருந்தா கீழேயிருந்தே எட்டிரும்."

"மொக்கையன்! எனக்கு அன்னைக்கே தெரியும்!"

"கேபிள் தகரத்துல இடிச்சுச் சத்தம் போடாம துணி வேற சுத்தியிருக்கு."

அசோக்குமார் அந்தத் துணியை உருவிக் கையில் கொடுத்தான். விரல் நீளச் சுங்குடிக் கிழிசல். லட்சுமிநாராயணன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கத்தரிப்பூ நிறத்துக்குச் சாயம் போட்டபோது பிசகி, பழுப்போடிப்போன துணி. கடைக்குப் போகாமல் அந்த ஒரே சேலை வீட்டுக்குத்தான் வந்தது. அலர்மேல்மங்கை அதை அடுப்படியில் கட்டிக்கொள்வாள்.

அவர் வீட்டில் எதுவும் கேட்கவில்லை. சாப்பிடும்போது மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நகையை எங்காவது கொண்டுபோய் வைக்கிறாளா? தனக்குத் தெரியாமல் யாரையாவது பார்க்கப் போகிறாளா? மூன்றாவதாகத் தோன்றியதில் மொக்கையனும் இருந்தான். அதை முழுதாக நினைக்கப் பயந்து சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர்கள் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். அந்த மூன்று நாளும் எந்த மொழியிலும் அவரிடமிருந்து பேச்சில்லை.

நாலாம் நாள் மத்தியானம் கடையை விட்டு நழுவி, தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தார். மூன்று மணிக்கு ஃபியட் வெளியே வந்தது. மொக்கையன் ஓட்ட, பின்சீட்டில் அலர்மேல்மங்கை. ஓர் ஆட்டோவைப் பிடித்து, "அந்தப் பச்சை வண்டி பின்னாடியே போப்பா" என்றார்.

கோரிப்பாளையம், புதூர், கடச்சனேந்தல். கார் நிற்காமல் அழகர்கோவில் ரோட்டிலேயே போனது. அப்பன்திருப்பதியைத் தாண்டி ஒரு மண்ரோட்டில் திரும்பி, வறண்ட கண்மாய்க்கரை ஓரம் நின்றது. ஆட்டோவைத் தூரத்தில் நிறுத்திவிட்டுக் கருவேல மரத்தடியில் நின்றார். வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

மொக்கையன் இறங்கினான். அலர்மேல்மங்கையும் இறங்கினாள். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சுற்றி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். மொக்கையன் பக்கத்து சீட்டுக்குப் போனான். கார் ஒருமுறை குதித்து, பிறகு நேராக ஓடியது. ஐம்பத்தைந்து வயது மனைவி கியர் மாற்றுவதை லட்சுமிநாராயணன் வாய் திறந்து பார்த்தார்.

கார் திரும்பி வரும்போது அவர் ரோட்டின் நடுவில் போய் நின்றார். கார் நின்றது.

"இது என்ன கூத்து?" என்று சௌராஷ்டிரத்தில் கத்தினார்.

அவள் தமிழில் பதில் சொன்னாள். "தமிழ்லயே பேசுங்க. திருடன்னு பேர் வாங்கினது மொக்கையன். அவனுக்கும் புரியட்டும்."

"எதுக்கு இது?"

"பங்குனியில உங்களுக்கு நெஞ்சு வலிச்சதே, வாயுன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்களே, அன்னைக்கு இவன் ஊர்ல. கார் வாசல்ல நிக்குது. நான் தெருத்தெருவா ஆட்டோவுக்கு ஓடுறேன். முக்கால் மணி நேரம். கத்துக்கவான்னு கேட்டேன். இந்த வயசுலயான்னு சிரிச்சீங்க. மீட்டரைக் கழட்டச் சொன்னது நான்தான்."

அவர் மொக்கையன் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லியிருக்கலாமேடா?"

"அம்மா சொல்ல வேணாம்னாங்க. பெட்ரோல் எடுக்கலன்னு மட்டும்தான் நான் சொன்னேன். அதையே நீங்க நம்பல."

"தப்புத்தான் மொக்கையா." அவருக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை. மெதுவாகத்தான் வந்தது.

"இருக்கட்டும் மொதலாளி. ஒத்தக்கடையில ஒரு வேன் ஓட்டக் கூப்பிடுறாங்க. மாசம் பொறந்ததும் அங்க போறேன்." கோபமாகச் சொல்லவில்லை. ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவன் குரல் அது. "மெயின் ரோட்டுல என்னை எறக்கி விட்ருங்கம்மா. பஸ்ல வாரேன்."

"டவுனுக்குள்ள நான் ஓட்டினதே இல்லையே?"

"ஓட்டிருவீங்க."

மெயின் ரோட்டில் அவன் இறங்கிக்கொண்டான். லட்சுமிநாராயணன் பின்சீட்டின் நடுவில், இரண்டு கைகளாலும் முன்சீட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

அலர்மேல்மங்கை கண்ணாடியில் பார்த்துச் சொன்னாள். "முன்னாடி வந்து உக்காருங்க. பின்னாடி வர்ற வண்டி எதுவும் எனக்குத் தெரியல."