மரகதம் கண்விழித்த வாரம்

சிவன் ஓட்டிய பஸ் மாலை ஐந்தேகாலுக்கு ஃபிஜியின் டவுவாவிலிருந்து தங்கச் சுரங்க ஊரான வட்டுகோலாவுக்குக் கிளம்பும். ஐந்து மணிக்கே இடம் நிறைந்துவிடும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவர் தொடர்கதை சொல்வார்.

மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் வாரப் பத்திரிகை அது. நான்கைந்து இதழ்கள் ஒரே கட்டாக, மூன்று மாதம் பழசாகி வந்து சேரும். பஸ்ஸில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தமிழில் கொஞ்சம் படித்து, மற்றவர்களுக்காக இந்தியில் சொல்வார். சந்தையில் மரவள்ளி விற்றுவிட்டுத் திரும்பும் ஃபிஜியப் பெண்களும் பேச்சை நிறுத்திக் கேட்பார்கள்.

கதையில் மரகதம் என்றொருத்தி, செய்யாத கொலைக்காகச் சிறையில் இருந்தாள். கொன்றது யார் என்பதில் துணிக்கடையில் வேலை பார்த்த ப்ரேமிலாவுக்குச் சந்தேகமே இல்லை.

“நாத்தனார்தான் அண்ணா. சாவி இருக்கிற எடம் வேற யாருக்குத் தெரியும்?”

சுரங்கத் தொழிலாளி தேவேந்திரா, டாக்டர்தான் என்று அடித்துச் சொல்வார். நாற்பது வாரம் இந்தச் சண்டை ஓயவில்லை.

எண்பத்தேழு மே மாதம், இந்தியர்கள் அதிகம் இருந்த அரசைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில நாள் பஸ் ஓடவில்லை. ஓடத் தொடங்கியபோது வழியில் சிப்பாய்கள் ஏறிப் பைகளைக் கிளறினார்கள். பத்திரிகைக் கட்டு வருவது நின்றது. பஸ்ஸில் இப்போது விசா பேச்சுத்தான். தேவேந்திரா வான்கூவருக்குப் போய்விட்டார். ப்ரேமிலாவின் புருஷனுக்கு ஆக்லாந்தில் குடியேறப் பேப்பர் கிடைத்தது.

அவள் கிளம்பும் வாரத்தில்தான் கட்டு வந்தது. சிவன் கடைசி அத்தியாயத்தை வீட்டிலேயே படித்துப் பார்த்தார். மரகதம் தன் கட்டிலில் கண் விழிக்கிறாள். கொலை, வழக்கு, சிறை எல்லாம் கனவு. மாமியார் காப்பி கேட்டுக் கூப்பிடுகிறாள். முற்றும். நடுவில் தாள் ஏதும் கிழிந்திருக்கிறதா என்று அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்கா நாற்பது வாரம் என்று அவருக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் பாதி இருக்கை காலி. ப்ரேமிலா கடையில் கடைசி நாள் வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சிவன் பத்திரிகையை விரித்தார்.

“நீ சொன்னதுதான் ப்ரேமிலா. நாத்தனார்தான் கொன்னா. போலீசு பிடிச்சிட்டாங்க.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “பொய் சொல்றீங்க அண்ணா. தாளைப் பாக்காமயே படிக்கிறீங்க.”

அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். பிறகு உள்ளதைச் சொன்னார், இந்தியிலும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். சொந்த நாத்தனாரைத் திட்டுவது போலத்தானே கதையில் வந்த நாத்தனாரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“முழிச்சப்ப அவ வீட்டுலதான இருந்தா?” என்று கேட்டாள் ப்ரேமிலா.

“ஆமா.”

“நல்லா இருக்கட்டும்.”

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சிவன் வண்டியை எடுத்தார். வட்டுகோலாவில் இறங்கும்போது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “வரேன் அண்ணா” என்றாள்.

அதற்குப் பிறகு அவர் பஸ்ஸில் கதை சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டாயிரத்தில் மறுபடி கலவரம் வந்தபோது சிவனும் ஆக்லாந்தில் இருந்த மகனிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே கோயிலில் ஒரு நாள் ப்ரேமிலாவே அவரைக் கண்டுபிடித்தாள். தலை நரைத்திருந்தது. சாப்பாட்டுத் தட்டோடு இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்த பஸ்ஸில் யார் யார் எந்த இருக்கையில் உட்காருவார்கள் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஜன்னலோர மூன்றாவது இருக்கை யாருடையது என்பதில் மட்டும் ஒத்துப்போகவில்லை. ஜான்கியுடையது என்றாள் அவள். இல்லை, விரேந்திராவுடையது என்றார் அவர்.