மருந்தில்லாத இரண்டு வாரம்

டிரைவருடையது முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய கைதான். ஆனால் ஆஸ்பத்திரி நடைவழியில் ஒரு சக்கர நாற்காலியை நேராகத் தள்ளமுடியாமல் இரண்டு தடவை சுவரில் இடித்துவிட்டது.

"இதையே இந்த லட்சணத்துல ஓட்டறீங்களே, பிள்ளைங்க எல்லாம் எப்படித்தான் முழுசா வீடு போய்ச் சேர்ந்துச்சோ" என்றாள் நாற்காலியில் இருந்த மனைவி.

அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்து மறுபடி நேராக்கினார்.

அவள் தையற்காரி. போன வருஷம் தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். நாலு மாதம் ஜம்மென்று மெஷினை மிதித்தாள். அப்புறம் தழும்பின் ஓரத்தில் சீழ் கசிய ஆரம்பித்தது. கிருமி உள்ளே போய்க் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"உலோகத்து மேல பாசி மாதிரி ஒட்டிக்கும். மருந்து மட்டும் போதாது, மூட்டையே கழட்டணும்" என்றார் நெட்டை டாக்டர். கழற்றினார்கள். அந்த இடத்தில் மருந்து கலந்த சிமென்ட் மூட்டு ஒன்றைத் தற்காலிகமாக வைத்தார்கள். ஆறு வாரம் நரம்பு வழியே மருந்து ஏறியது. கூடவே செங்கல் நிற மாத்திரை. அதைச் சாப்பிட்டால் சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாமே ஆரஞ்சு நிறமாகும், பயப்படாதீங்க என்று சிஸ்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

ஆறு வாரம் முடிந்ததும் டாக்டர் சொன்னதுதான் டிரைவரின் தூக்கத்தைக் கெடுத்தது. "இனி ரெண்டு வாரம் ஒரு மருந்தும் கூடாது. அப்புறம் இடுப்புலேருந்து நீர் எடுத்து, கிருமி வளருதான்னு பாப்போம். மருந்து உள்ள இருந்தா கிருமி பதுங்கிக்கும், நமக்குத் தெரியாமப் போயிடும்."

டிரைவர் தலையை ஆட்டினார். மனசு ஆட்டவில்லை. சரிவில் நிற்கிற வண்டியின் பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொன்னது போலிருந்தது அவருக்கு. வீட்டில் அந்த மாத்திரை மிச்சம் இருந்தது. தினமும் காலையில் ஒன்றைப் பொடித்து, சிவப்பு ஜாமில் குழைத்து, ரொட்டியில் தடவி, அவளுக்குச் சொல்லாமல் கொடுத்துவந்தார். கழிப்பறை நாற்காலியின் சட்டியை யாரும் நிறத்தைப் பார்க்குமுன் ஓடிப்போய்க் கொட்டினார்.

இன்று இடுப்பிலிருந்து நீர் எடுக்கும் நாள். கிருமி இல்லையென்று வந்தால், அடுத்த மாதம் புது மூட்டு.

சிறிய அறையில் மனைவியைப் படுக்கவைத்து, இடுப்பில் கிருமிநாசினி தடவினாள் சிஸ்டர். "மாத்திரை நிறுத்தி எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு வாரம்" என்றாள் மனைவி, கூரையைப் பார்த்தபடி.

டாக்டர் கையுறையை மாட்டினார். நீளமான ஊசியை எடுத்தார். டிரைவர் கட்டிலுக்கு ஓரடி கிட்டே வந்தார். பேசாமல் இருந்தால் இன்றோடு இந்தக் கட்டம் முடிந்துவிடும்.

"டாக்டர், ஒரு நிமிஷம். அவ நிறுத்தல. நான்தான் குடுத்துட்டிருந்தேன். ஜாம்ல கலந்து."

"எது வரைக்கும்?"

"நேத்து வரைக்கும்."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று டிரைவர் காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"இன்னிக்கு எடுத்திருந்தா சுத்தம்னு வந்திருக்கும். நானும் நம்பிப் புது மூட்டு வெச்சிருப்பேன். உள்ள கிருமி இருந்தா அதையும் கழட்டணும். ஒவ்வொரு தடவையும் எலும்பு கொஞ்சம் போகுது. அதுக்கப்புறம் எதுல மாட்டறது?" கையுறையைக் கழற்றினார். "இன்னிலேருந்து ரெண்டு வாரம். முதல்லேருந்து. காய்ச்சல் வந்தா எங்கிட்ட வாங்க, ஜாம் கிட்டப் போகாதீங்க."

திரும்பி வரும்போது டிரைவர் நாற்காலியை எதிலும் இடிக்கவில்லை. நடைவழி பாதி தாண்டியபின் அவள் பேசினாள்.

"எனக்குத் தெரியும்."

"என்னது?"

"போன வாரம் நீங்க வெளிய போயிருந்தப்ப, படுத்துப் படுத்து அலுத்துப்போயி கொஞ்சம் அழுதேன். வெள்ளைத் துணியில கண்ணைத் தொடச்சா ஆரஞ்சு. கலர் பாத்து நூல் எடுக்கறவகிட்டயா உங்க வித்தையைக் காட்டறீங்க?"

நாற்காலி நின்றது. "தெரிஞ்சுமா அந்த சிஸ்டர்கிட்ட அப்படிச் சொன்னே?"

"எனக்கும் பயம் இல்லையா? நிறுத்தினா திரும்ப சீழ் வருமோன்னு. அதோட, சொன்னா இன்னும் ரெண்டு வாரம் படுக்கணும். முடியலங்க எனக்கு." அவர் நாற்காலியை மறுபடி தள்ளத் தொடங்கியதும், "நல்லவேளை, உங்களுக்கு ரகசியம் தங்காது" என்றாள்.

அதற்கப்புறம் ரொட்டிக்கு ஜாமை அவளே தடவிக்கொண்டாள். அவர் மணிக்கொரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "தோல் தேஞ்சிடப் போவுது" என்று கையைத் தட்டிவிட்டாள். நாலாம் நாள் முகம் துடைத்த துணியை அவர் பக்கம் நீட்டினாள். வெள்ளையாகவே இருந்தது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து அதே அறை, அதே கேள்வி. "அவரைக் கேளுங்க சிஸ்டர்" என்றாள் மனைவி.

"ஒண்ணும் குடுக்கல. சத்தியமா."

இந்தத் தடவை ஊசி இறங்கியது. கலங்கலான கொஞ்சம் நீர் குப்பிக்குள் வந்தது. டிரைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப தெரியும் டாக்டர்?"

"மெதுவா வளர்ற கிருமியும் இருக்கு. அதனால ரெண்டு வாரம் வெச்சுப் பாப்போம்."

"இதுக்கும் ரெண்டு வாரமா?" டிரைவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

மனைவி கையை நீட்டினாள், எழுப்பிவிடச் சொல்லி. "வாங்க, வண்டியை எடுங்க."