படியில் உட்கார்ந்த மிரான் அக்கா

தென்கொரியாவின் பூசான் நகரில் மலைச்சரிவு வீடுகளுக்குக் கடிதம் கொடுக்கும் தபால்காரர்களான எங்களில், மிரான் அக்கா அளவுக்கு வேகமாகப் படியேற யாராலும் முடிந்ததில்லை. அவளுக்கும் கொரோனா வந்தது. பத்து நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் மூன்று மாதம் கழித்தும் இருபது படி ஏறினாலே நெஞ்சு படபடத்தது. சமாளித்து ஏறிவிட்டால் மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை.

“ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு? லீவுல படுத்தே பழகிட்டீங்க போல,” என்றார் எங்கள் தபால் நிலையத் தலைவர் குவாக்.

“அப்படி இருந்தா எனக்கும் நிம்மதி சார்,” என்றாள் அக்கா.

அவள் நாடித்துடிப்பு காட்டும் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டாள். துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டினால், நடுப்படியிலேயே பையோடு உட்கார்ந்துவிடுவாள். ஏறிய படிகளையும் மறுநாள் உடம்பு இருந்த நிலையையும் தினமும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தாள்.

“எல்லாரும் பாக்குறாங்களே, கூச்சமா இல்லையாக்கா?” என்று கேட்டேன்.

“இருக்குடி. ஆனா நாளைக்கும் வேலைக்கு வரணும்ல.”

ஐந்து மாதக் குறிப்புகளோடு வேறொரு மருத்துவரிடம் போனாள். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் படித்தார். “இது அந்தக் கிருமி விட்டுட்டுப் போன பாதிப்புதான். களைக்கிறதுக்கு முன்னாடியே உட்கார்றீங்க பாருங்க, அதுதான் சரி,” என்று சொல்லி, அதையே மருத்துவச் சான்றாக எழுதிக் கொடுத்தார். குவாக் அதைப் படித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். அக்காவின் தெருக்களில் பாதியை எனக்கு மாற்றினார்.

இரண்டு வருடமாகியும் அக்காவுக்கு முழுதாகக் குணமாகவில்லை. போன வாரம் இதே தொல்லையோடு வேறு தபால் நிலையத்திலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே வந்தாள். அக்கா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள்.