ஓரின் சொல்லாத வார்த்தை

அது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றா, நாலா என்று எனக்கு நிச்சயமில்லை. அன்று மழை பெய்ததாக நினைக்கிறேன். பெய்யவில்லை என்கிறாள் என் மனைவி. ஆனால் ஓரின் ஹாஸ்கெட் பந்தோடு மண்ணுக்குள் போனதில் சந்தேகமில்லை. நான் மைதானக் கயிற்றோரம் நின்றிருந்தேன். நவம்பர் கடைசி வியாழன். அந்நாளில் எங்கள் கோர்வின் மில்ஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்கள் ஜூன் மாதமே முடி வளர்க்கத் தொடங்கிவிடுவார்கள். மண்டைக்கு வேறு காப்பு கிடையாது. பந்தை வயிற்றோடு அணைத்து ஓடுகிறவன் மேல் எத்தனை பேர் விழுந்தாலும், அவனே வாய் திறந்து "விழுந்தேன்" என்று சொன்னால்தான் ஓட்டம் முடியும். சொல்லாதவரை மற்றவர்கள் அமுக்கலாம், அவன் ஊர்ந்துகொண்டிருக்கலாம். அந்தப் பருவத்தில் வேறு ஊர்களில் இரண்டு பேர் அப்படிச் செத்திருந்தார்கள்.

நாங்கள் பின்தங்கியிருந்தோம். எல்லைக் கோட்டுக்கு ஆறு கெஜம், அதுவே கடைசி ஓட்டம். அணித்தலைவன் லெமுவேல் டிரேக், ஓரினை இழுத்துப் போவதற்காக அவன் இடுப்பு வாரில் தைத்திருந்த தோல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "நான் சொல்ற வரைக்கும் அந்த வார்த்தை உன் வாயில வரக்கூடாது, கேட்டுச்சாடா?" என்றான். ஓரின் தலையாட்டினான். எல்லோரும் அவன் மேல் விழுந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்தபோது அடியில் யாருமில்லை. லெமுவேல் கையில் கைப்பிடி மட்டும் இருந்தது. புல்தரை ஓர் ஆள் நீளத்துக்கு மேடிட்டிருந்தது. அந்த மேடு கோட்டை நோக்கி நகர்ந்தது, ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடை. நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ஓட்டம் இன்னும் முடியவில்லை என்றார். சனிக்கிழமைதோறும் ரயிலில் வந்து அளந்துவிட்டுப் போனார்.

ஓரினின் தாய் ஹெஸ்டர் அணியின் துணிகளை வெளுப்பவள். மேட்டின் மேல் காது வைத்து அவன் மூச்சைக் கேட்டாள். அவள் கெஞ்சியும் அவன் சொல்லவில்லை. தலைவன் உத்தரவு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவள் லெமுவேலின் அறைக்குப் போனாள்.

"அஞ்சு கெஜம்கூட இல்ல, ஹாஸ்கெட்டம்மா. இப்ப நிறுத்தினா தோத்தது தோத்ததுதான்."

"தோத்தா நீ உங்க வீட்டுக்குப் போவ. அவன் எங்க போவான்?"

ஜனவரியில் மண் உறைந்தது. மேடு நூலளவுதான் நகர்ந்தது. மூச்சு ஒவ்வொரு நாளும் மெலிந்தது. பிப்ரவரியில் ஒரு காலை ஹெஸ்டர் வெகுநேரம் காது வைத்திருந்துவிட்டு எழுந்து, ஒன்றும் கேட்கவில்லை என்றாள். லெமுவேல் தொப்பியில்லாமல் ஓடிவந்து பனியில் குப்புற விழுந்தான்.

"ஓரின், நான்தான். போதும். சொல்லிடு."

ஊர் முழுக்க நின்றது. மதியச் சங்கு ஊதி அடங்கிய பிறகு, அடியிலிருந்து குரல் வந்தது.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"நாலரை கெஜம்."

"இவ்வளவு தூரம் வரவிட்டுட்டு இப்பவா சொல்ற?"

அதில் கோபம் இல்லை. ஹெஸ்டர் மண்டியிட்டு, சொல்லுடா என்றாள்.

"மேல குளிருதாம்மா? நீ வீட்டுக்குப் போ."

மேடு மறுபடி நகர்ந்தது.

ஜூனில் அது கோட்டைக் கடந்தது. நடுவர் புள்ளிகளைக் கொடுத்தார். எதிரணித் தலைவன் அதற்கென்றே வந்து கை குலுக்கினான். மேடு நிற்கவில்லை. பின்னாளில் ஊதல் ஊதினால் ஓட்டம் முடியும் என்று விதியை மாற்றினார்கள். அதற்கு முன்பே தொடங்கிய ஓட்டத்தை அது கட்டுப்படுத்தாது என்று நடுவர் எழுதி அனுப்பினார். அடுத்த ஆண்டு இறந்தார். லெமுவேல் ஒஹாயோவில் மரம் விற்கிறான். கைப்பிடி அவன் மேசையில் இருக்கிறது. ஹெஸ்டரின் தோட்டத்துக்கு மேடு ஆறாம் ஆண்டு வந்தது. அவள் கோழிக்கூட்டை நகர்த்தி வழிவிட்டாள். எண்பத்தொரு வயதில் இறந்தாள். ஓரின் இப்போது மேற்கே, பார்லி வயலில் இருக்கிறான். உழுபவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.