மைனிர் சொல்லாமல் விட்டது

...எதிர்காலம், எதிர்காலம், நாற்பது பக்க அறிக்கையில் எத்தனை தடவைதான் அந்தச் சொல், வேல்ஸ் தலைநகர் கார்டிஃபிலிருந்து கட்சித் தலைமை அனுப்பியது, கண்ணெரிய மூன்று நாள் உட்கார்ந்து அதை ஆங்கிலமாக்கிக் கொடுத்ததும் மைனிர்தான், இப்போது கிளைத் தலைவர் இட்வல் அதையே வெல்ஷில் வாசிக்க, தேவாலயத்துப் பின்னறையின் கடைசி நாற்காலியில் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு அவள் மறுபடியும் ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வெல்ஷ் தெரியாமல், இவள் குரலைக் கேட்கக் காதில் கருவி மாட்டியவர்கள் இன்று ஆறு பேர். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒருவர், அதுவும் யாரோ ஒருத்தியின் கணவர், பாதியில் தூங்கிவிடுவார். மழை தகரத்தில் விழுந்தது, இன்னும் எவ்வளவு நேரம், தொண்டை வறண்டுவிட்டது, தேநீர் மேசை நாலடி தூரத்தில்தான், ஆனால் இட்வல் மூச்சு விட்டால்தானே இவளும் விட முடியும்... கிளைகளைப் புதுப்பிக்க வேண்டும், பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும் தலைவர்கள் புதியவர்களுக்கு வழி விடலாம் என்று முடிந்தது அறிக்கை. இட்வல் முப்பது வருஷம். இன்றைய தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்துப் போட்டியிடுபவள் கெரி, மருத்துவமனைத் தாதி, இதே பள்ளத்தாக்கில் பிறந்தவள், வெல்ஷில் காலை வணக்கத்துக்கு மேல் தெரியாது. நம் பிள்ளைகளுக்கு மட்டும்? இங்கிலாந்தில், பிரிஸ்டலில் இருக்கும் தன் மகனுக்கு மைனிர் வெல்ஷில் செய்தி அனுப்பினால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது, அதுவும் இரண்டே சொல்.

இட்வல் தாளை மடித்தார், கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினாரென்றால் மனசிலிருந்து பேசப் போகிறார் என்று அர்த்தம். "முப்பது வருஷமா இந்த வீட்டக் காத்து வெச்சிருக்கோம், ஒழுகுன கூரைய நாமதான் மாத்துனோம். இப்ப சாவியத் தூக்கி வாடகைக்கு வந்தவங்க கையில குடுத்துட்டுப் போவணுமா?" வெல்ஷ் தெரிந்தவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். அவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்று சொல்ல வேண்டும், அவர் கடித்தால் இவளும் கடிக்க வேண்டும், அதுதான் தொழில். வாடகைக்கு வந்தவர்கள்... நாக்கு நுனி வரை வந்தது. கெரி தலையைச் சாய்த்து, கருவியை விரலால் காதோடு அழுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்த வீட்டை முப்பது வருஷமாகக் காத்தோம், சாவியை யாரிடம் கொடுப்பது என்று எனக்குக் கவலையாக இருக்கிறது," என்று ஆங்கிலத்தில் சொன்னாள் மைனிர். கருணையெல்லாம் இல்லை, களைப்பு. இன்னொரு சண்டையைத் தாங்க இன்றைக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

கெரி எழுந்துவிட்டாள். "அந்தக் கவல எனக்கும் இருக்கு இட்வல். தனியா எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஜெயிச்சாலும் நீங்க வெளிய போயிரக் கூடாது, சாவி ரெண்டு பேரு கையிலயும் இருக்கட்டும்." இட்வலுக்கு ஆங்கிலம் தெரியாதா என்ன, தான் சொன்ன வாக்கியத்துக்கு இந்தப் பதில் வராது என்று அவருக்குத் தெரியும், நேராகக் கடைசி வரிசையைப் பார்த்தார். மைனிர் தரையைப் பார்த்தாள். காது மடல் சிவக்க, இட்வல் அந்த அறையில் ஒருநாளும் பேசாத ஆங்கிலத்தில் சொன்னார்: "சரி. பாப்போம்." மாற்றிச் சொல்ல இவளுக்கு ஒன்றுமில்லை. வாக்கெடுப்பில் கெரிக்குப் பதினான்கு, அவருக்கு ஒன்பது. மைனிரின் ஓட்டு இட்வலுக்குத்தான். பழக்கம், வேறென்ன.

கருவிகளைப் பெட்டியில் அடுக்கும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றார். "நான் சொன்னத நீ சொல்லல."

"வேகமாப் பேசுனீங்க."

"முப்பது வருஷமா வேகமாத்தான் பேசுறேன், கண்ணு." கோபமா, கேலியா, குரலில் பிடிபடவில்லை. "இதுக்கு முன்னால எத்தன தடவ?"

எண்ணியா வைத்திருக்கிறாள்? ஒரு சொல்லை மழுக்குவது, ஒரு சிரிப்பைச் சேர்ப்பது, ஒரு வசையை இருமலில் விடுவது... அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார், குடைகூட விரிக்காமல்.

கெரி தன் கருவியை இரண்டு கையாலும் நீட்டினாள், கண் கலங்கியிருந்தது. "ஒண்ணு சொல்லணும் மைனிர். மூணு வருஷம் முன்ன மொதல் தடவ வந்தப்ப பாதியில எழுந்து ஓடிருப்பேன். கதவுகிட்ட நின்னேன். அப்ப இட்வல் என்னயப் பாத்து, வாம்மா, ஒனக்கும் இங்க எடம் இருக்குன்னு சொன்னாரு பாருங்க, உங்க குரல்லதான் கேட்டேன், அதான் நின்னுட்டேன். இன்னைக்கு அவரத் தோக்கடிச்சுட்டு நிக்கிறேன், மனசு ஒரு மாதிரி இருக்கு." மைனிர் தலையை ஆட்டினாள், பெட்டியின் கொக்கியை மாட்டினாள், மாட்டியதையே மறுபடி அழுத்தினாள். அந்த நாள் அவளுக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. கதவருகே நின்றவளைப் பார்த்து இட்வல் என்னவோ சொன்னது உண்மைதான், நாற்காலி தீர்ந்துவிட்டது, யாராவது பக்கத்து அறையிலிருந்து எடுத்து வாருங்கள் என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார், வாம்மா என்றது இவள். அப்படியானால் மற்றதெல்லாம்... இந்த ஆறு பேரும் எந்தக் கட்சியில் சேர்ந்தார்கள்?