கொக்கி வண்டியும் சாம்பல் நிறக் காரும்

அப்பா வண்டியைக் கிளப்பினால் எங்கள் வீட்டு அலமாரியில் தம்ளர்கள் நடுங்கும். டீசல் வண்டி. பின்பக்கம் இரும்புக் கையும் கொக்கியும் வைத்தது. வழியில் நின்றுபோன கார்களையும் மோதி நசுங்கிய கார்களையும் தூக்கி இழுத்துக்கொண்டு வருவதுதான் அதன் வேலை. தெருவில் எங்களுக்குக் கொக்கி வீடு என்றே பெயர். கல்யாணத்துக்கும் அதில்தான் போவோம். மண்டப வாசலில் நிறுத்தியதும், யாருடைய கார் நின்றுபோனதோ என்று நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

அதை விற்றுவிட வேண்டும் என்று அம்மா சொல்ல ஆரம்பித்தது சித்தப்பா இறந்த ஏழாவது மாதத்தில்.

நகரத்தின் அந்தப் பக்கம் ஒரு பெரிய கிடங்கு இருக்கிறது. அங்கே அப்பாவுக்குச் சரக்கு சரிபார்க்கும் வேலை கிடைப்பதாக இருந்தது. மாதச் சம்பளம். ஏழரைக்குள் உள்ளே இருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கொக்கி வண்டியில் தினமும் போய்வந்தால் சம்பளம் முழுவதையும் டீசலே குடித்துவிடும். அதனால் அதை விற்றுவிட்டு ஒரு பழைய சின்னக் காரை வாங்கலாம் என்பது அம்மாவின் திட்டம். இரண்டையும் வைத்துக்கொள்ள எங்களால் முடியாது. ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

டீசல், சம்பளம் என்று அம்மா எத்தனை சொன்னாலும் உண்மையான காரணம் நான்தான். சித்தப்பா செய்த வேலையை இப்போது நான் செய்துகொண்டிருந்தேன்.

வண்டியைத் தூக்கும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கொக்கி மாட்ட வேண்டும். இன்னொருவர் நாற்பது அடி பின்னால் சிவப்புக் கொடியோடு நின்று, வருகிற வண்டிகளை ஒதுங்கிப் போகச் செய்ய வேண்டும். அப்பா கொக்கி, சித்தப்பா கொடி. கொடி பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு லாரி சித்தப்பாவை அடித்தது. அதன் பிறகு அப்பா கூலிக்கு வைத்த ஆட்கள் யாரும் பத்து நாளைக்கு மேல் தங்கவில்லை. வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலிருந்து நிற்க ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் என்று இருந்தேன். நானே வருகிறேன் என்றேன். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் வேறு வழியில்லாமல், கொடி பிடிப்பவர் போட்டுக்கொள்ளும் மினுங்குகிற ஜாக்கெட்டை என் அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆயிரம் பேர் என்னைக் கடந்து போவார்கள். ஒவ்வொருவரும் ஒரு நொடி பார்ப்பார்கள், நான் கொடியை அசைத்தால் ஒதுங்குவார்கள். யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள்.

அப்பா ஒரே ஒரு விதிதான் சொல்லிக்கொடுத்தார். முகம் எப்போதும் வருகிற வண்டிகளைப் பார்த்தே இருக்க வேண்டும், என்ன ஆனாலும் திரும்பக் கூடாது. வேலை முடிந்தால் ஸ்பேனரால் வண்டித் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். வாயைத் திறந்து கூப்பிடவே மாட்டார். சாலை இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது என்பதற்காகத்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

வண்டியை விற்கக் கூடாது என்று சொன்னது சித்தி. சித்தப்பா போன பிறகும் பின்கட்டு அறையில் எங்களோடுதான் இருந்தார். தையல் கம்பெனியில் வேலை. சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும் பேச்சு ஆரம்பமாகிவிடும்.

"அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்குது. நின்ன இடத்துலயும் இன்ஜினை ஓடவிட்டாத்தான் கொக்கி மேல ஏறும். சின்னக் காரு அப்படியா? ஒருதரம் ரொப்பினா வாரம் பூரா ஓடும்" என்பாள் அம்மா.

"எங்க ஓடும்? கெடங்குக்கும் வீட்டுக்கும். மாமா அங்க போய் அட்டைப்பெட்டியா எண்ணிக்கிட்டு இருக்கப் போறாரு?"

"எண்ணட்டும். உயிரோட எண்ணட்டும்."

சித்தி நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். பிறகு, "அந்த வண்டியில பாதி அவர் உழைப்புக்கா" என்றார்.

"இல்லேன்னா சொன்னேன்? மீதிப் பாதிக்கு என் பொண்ணையும் குடுக்கச் சொல்றியா?"

அப்பா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். "பாக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்தே மூன்று வாரம் ஓட்டிவிட்டார்.

"இந்த ஊமைக்கோட்டானைக் கேளுங்களேன். கொடி பிடிக்கிறவ அவதானே" என்று சித்தி என்னைக் காட்டினார். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

மாதக் கடைசியில் ஒரு நாள், பார்த்துவிட்டாவது வரலாம் என்று அம்மா அப்பாவைக் கிளப்பினாள். சித்தி வேலைக்குப் போயிருந்தார். நாங்கள் மூவரும் கொக்கி வண்டியிலேயே பழைய கார் விற்கிற இடத்துக்குப் போனோம்.

விற்பவர் முதலில் ஒரு வெள்ளைக் காரைக் காட்டினார். "ஒரு வாத்தியார் ஓட்டினதுண்ணே. ஸ்கூலையும் வீட்டையும் தவிர வேற இடமே தெரியாது இந்த வண்டிக்கு."

அப்பா தரையில் படுத்து அடியில் பார்த்தார். "வாத்தியார் பள்ளத்துல எறங்கித்தான் ஸ்கூலுக்குப் போவாரா? நான்தான் மேல தூக்கினேன்."

அடுத்தது ஒரு சிவப்புக் கார். அப்பா குனியக்கூட இல்லை. "இது போன வருஷம் நீலமா இருந்துச்சு."

"அண்ணே, மெதுவாப் பேசுங்க. வேற ஆளுங்களும் இருக்காங்க."

அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் அங்கே நின்ற ஏழு கார்களில் ஐந்தை அப்பா ஏற்கெனவே தூக்கியிருந்தார். ஆறாவதற்கு இன்ஜின் சரியில்லை. கடைசியாக ஒரு சாம்பல் நிறக் கார். அதன் அடியில் வெகுநேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "இது என் கைக்கு வந்ததில்ல."

ஓட்டிப் பார்த்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. "ரோட்டுமேலயே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று விற்பவரிடம் சொன்னபோது, அவர் வாங்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பும் வழியில், நெடுஞ்சாலை வளைவைத் தாண்டியதும், முன்சக்கரம் கோணிக்கொண்டு ஒரு கார் சாலை ஓரத்தில் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் ஒருவர் கையை ஆட்டினார். கொக்கி வண்டியை வைத்துக்கொண்டு அதைக் கடந்து போக முடியாது. அப்பா நிறுத்தினார். நான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கொடியை எடுத்து நாற்பது அடி நடந்தேன். நல்ல உச்சி வெயில்.

நாங்கள் வேலை செய்வதை அம்மா அன்றுவரை பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். அதெல்லாம் எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து அவள் குரல்தான் கேட்டது.

"பாப்பா, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு நில்லுடி."

நான் திரும்பினேன். அம்மா கூப்பிட்டால் திரும்புவதற்கு யோசிக்க வேண்டுமா? பாட்டிலை உயர்த்திப் பிடித்து நின்ற அம்மாவைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் அப்பாவின் முகத்தையும் பார்த்தேன். அதே நேரம் என் முதுகுச் சட்டையைக் காற்று பிடித்து இழுத்தது. கையில் இருந்த கொடி போய்விட்டது. ஒரு பஸ். அது வளைவில் திரும்பியதை நான் பார்க்கவே இல்லை. கொடி முப்பது அடி தள்ளி, குச்சி முறிந்து கிடந்தது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. அப்பா வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காரின் சொந்தக்காரர்தான் அம்மாவின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

பிறகு எழுந்து வேலையை முடித்தார். கொக்கி மாட்டி, தூக்கி, காரைப் பட்டறையில் இறக்கி, சொந்தக்காரரிடம் சாவியைக் கொடுத்தார். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியவர் அதைக் கிளப்பவில்லை.

"நானும் இப்படித்தான் கூப்பிட்டேன்" என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள்.

"அன்னிக்கு அந்தக் கார்க்காரரு ரெண்டு ஆரஞ்சுப் பழம் குடுத்தாரு. நான் ஒன்னைக் கையில வெச்சுக்கிட்டு, டேய், பிடிடான்னேன். அவன் திரும்பினான். பிடிக்கிறதுக்குக் கையைக்கூடத் தூக்கிட்டான்."

"லாரி கோட்டைத் தாண்டி வந்துச்சுன்னுதானே போலீஸ்ல எழுதினாங்க?"

"தாண்டித்தான் வந்துச்சு. பார்த்துக்கிட்டு இருந்திருந்தா ஒதுங்கியிருப்பான். எத்தனை லாரிக்கு ஒதுங்கியிருக்கான். அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தான்."

பட்டறைக்குள் யாரோ தகரத்தைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். அம்மா வெகுநேரம் தன் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "இது இவ சித்திக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். "தெரிஞ்சா ஒரே வீட்டுல இருக்க முடியாது. அவ எங்கங்க போவா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "உனக்கும்தான் சொல்றேன்." பேசாதவளிடம் போய் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா சித்தியிடம், வண்டியைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார்.

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலம்மா."

"காலையிலவரைக்கும் பாக்கலாம் பாக்கலாம்னு இருந்தீங்க. இன்னிக்கு என்ன ஆச்சு?"

"பயமா இருக்கும்மா. அவ்வளவுதான்."

"பயமா?" சித்தி எழுந்தே நின்றுவிட்டார். "அவர் அங்கேயே நின்னு போய்ச் சேர்ந்தாரு. அவருக்கு வராத பயம் உங்களுக்கு எங்கேயிருந்து வருது மாமா? அவர் போனதும் அவர் வண்டி கசந்துபோச்சா? நாளைக்கு என்னையும் வெளிய போன்னு சொல்லுவீங்க."

அப்பா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் வாயைத் திறந்துவிடுவாரோ என்று அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறக்கவில்லை.

சித்தி என் பக்கம் வந்தார். "நீ சொல்லுடி. இன்னிக்காவது வாயைத் திற. உனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு, எனக்குத் தெரியும். கொடியை எடுத்துக்கிட்டுப் போறப்ப உன் மூஞ்சியைப் பார்த்திருக்கேன். உங்க சித்தப்பா மூஞ்சி மாதிரியே இருக்கும். நீ சொன்னா உங்கப்பா கேப்பாரு."

யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்ததை அவர் கவனித்திருக்கிறார்.

"எனக்கும் பயமா இருக்கு சித்தி" என்றேன்.

நாக்கு ஒட்டிக்கொள்ளவே இல்லை. சித்தி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொக்கி வண்டியைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். வண்டிப் பக்கவாட்டில் எழுதியிருந்த எங்கள் செல்போன் எண்ணைச் சுரண்டிவிட்டுத் தன் எண்ணை எழுதிக்கொண்டுதான் கிளம்பினார். மறுநாள் சாம்பல் நிறக் கார் வந்தது. அது கிளம்புகிற சத்தமே வீட்டுக்குள் கேட்பதில்லை. அப்பா போய்விட்டாரா என்று அம்மா வாசலுக்கு வந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள்.

நான் மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை. விட்ட எட்டாம் வகுப்பில் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மறுபடி உட்கார வேண்டியிருக்கும். சித்தியின் கம்பெனியிலேயே துணி மடிக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். காலையில் அப்பா எங்கள் இருவரையும் அங்கே இறக்கிவிட்டுக் கிடங்குக்குப் போவார். சித்தி முன்சீட்டில் உட்கார மாட்டார். அப்பாவோடு பேசுவதும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் என்னிடம் சொல்வார். "ஜன்னலைக் கொஞ்சம் ஏத்தச் சொல்லு" என்பார். நான் சொல்வதற்கு முன்பே அப்பா ஏற்றிவிடுவார்.

போன வாரம் ஒரு நாள் மேம்பாலத்தை விட்டு இறங்கும் இடத்தில் ஒரு பச்சைக் கார் நின்றிருந்தது. அடியிலிருந்து எண்ணெய் ஒழுகிச் சாலையில் பரவியிருந்தது. ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

அப்பாவின் கால் பிரேக்குக்குப் போனது. பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பி அடுத்த வரிசைக்கு மாறினார்.

"நிறுத்துங்க மாமா." மூன்று மாதத்துக்குப் பிறகு சித்தி அவரிடம் நேராகப் பேசிய வார்த்தை அதுதான். "கைக்குழந்தை இருக்கு."

"நிறுத்தி என்னம்மா செய்யறது? இதுல என்ன இருக்கு?" என்றார் அப்பா. "ஏழரைக்குக் கார்டு தேய்க்கணும்."

சித்தி பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் தெரியாமல் போகும்வரை பார்த்தார். "நம்ம வண்டியை வாங்கினவர் நம்பர் இருந்தாலாவது" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அப்பா பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல் பத்து எண்களையும் சொன்னார். அதை எப்போது மனப்பாடம் செய்தார் என்று தெரியவில்லை. நான் செல்போனில் அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே அவர் எடுத்துவிட்டார். மேம்பாலத்தின் எந்த இறக்கம், எத்தனையாவது விளக்குக் கம்பம், என்ன நிறக் கார், எண்ணெய் எந்தப் பக்கம் ஒழுகியிருக்கிறது, குழந்தை இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெளிவாச் சொல்றீங்களேம்மா" என்றார் அவர். "நீங்க யாரு?"

சித்தி என்னைப் பார்த்தார். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"சும்மா, வழியில போறவங்க" என்றேன்.