மைக் முன்னால் மூன்று நிமிடம்

எந்த நிமிடத்திலும் சாந்தகுமாரின் பெயரைக் கூப்பிடுவார்கள். ஜெயலீலா கணவனின் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

அமெரிக்காவின் டெக்ஸாஸில், ரவுண்ட் ராக்குக்கு வடக்கே ஒரு சின்ன ஊரின் நகர மன்றக் கூடம். 1998 அக்டோபர், செவ்வாய்க்கிழமை மாலை. இருபது இந்துக் குடும்பங்கள் சேர்ந்து பிள்ளையார் கோயில் கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். முன்னின்று அலைந்தவள் ஷ்யாமளா. ஜெயலீலா நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கும் லேபில் வேலை. முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்து, "வந்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்று வாயசைத்தாள். தங்களை ஆதரித்துப் பேசத்தான் கணவனும் மனைவியும் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

இரண்டு வருடமாகச் சாந்தகுமார் ஊர்க் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கு வருவதில்லை. ஒரு மணி நேரம் கார் ஓட்டிப்போய், வாடகைக் கூடத்தில் பழைய முறை லத்தீன் பூசை பார்த்தார். அங்கே கிடைத்த புத்தகங்களை அடிக்கோடிட்டுப் படித்தார். மதச் சுதந்திரம் மனிதனின் உரிமை என்று 1965-இல், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கம் அறிவித்ததுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

"அதுக்கு நூறு வருஷம் முன்னாடி பாப்பரசர்கள் இதையேதான் தப்புன்னாங்க. ரெண்டும் எப்படி லீலா சரியா இருக்கும்? தப்புக்கு ஏது உரிமை?" என்பார் வீட்டில்.

"எல்லா மதமும் சமம்னு சங்கம் சொல்லலைங்க. சாமி விஷயத்துல யாரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது, தடுக்கவும் கூடாதுன்னுதான் சொல்லுது."

"அதான் தப்புங்கறேன்."

அந்த லத்தீன் பூசைக் கூட்டத்தார்தான் பேசுவோர் பட்டியலில் அவர் பெயரை இன்று பதிந்திருந்தார்கள். இந்தியரே எதிர்த்துப் பேசினால் எடுபடும் என்பது அவர்கள் கணக்கு.

அவருக்கு முன்னால் பேசிய வெள்ளைக்காரர், "இந்த ஆட்களெல்லாம் வந்த வழியே போகட்டும்" என்று முடித்தார். படபடவென்று கைதட்டல். இந்த ஆட்களில் தாங்களும் உண்டு என்பது கணவருக்கு உறைக்கிறதா என்று ஜெயலீலா பார்த்தாள். அவர் எழுதிவைத்திருந்த காகிதத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் ஒரு வரி விடாமல் வாசித்தார். பொய்யான வழிபாட்டுக்கு அரசு இடம் தரக் கூடாது என்றார். ஷ்யாமளாவின் முதுகு விறைத்ததை ஜெயலீலா கண்ணால் பார்த்தாள்.

அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து மைக்குக்குப் போய்விட்டாள். "நானும் கத்தோலிக்கப் பெண்தான். திண்டுக்கல் பக்கம் எங்கள் கிராமத்தில் மாதா கோயில் கட்ட என் அப்பா மனு கொடுத்தார். கையெழுத்துப் போட்டு அனுமதி தந்த அதிகாரி ஒரு இந்து" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவ்வளவுதான், திரும்பி வந்துவிட்டாள். ஆளுக்குக் கொடுத்த மூன்று நிமிடத்தில் இரண்டரை மிச்சமிருந்தது.

மன்ற ஓட்டெடுப்பில் நாலுக்கு மூன்று என்று அனுமதி கிடைத்தது. ஷ்யாமளா இருவரையும் ஏறிட்டுப் பார்க்காமல் வெளியே போனாள்.

காரில் சாந்தகுமார் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேசியதற்குக் கத்தப்போகிறார் என்று அவள் கதவோரம் ஒண்டினாள். அவர் அழுதார்.

"பயமா இருக்கு லீலா. தெரிஞ்சும் ஏன்டா சும்மா இருந்தேன்னு ஆண்டவர் கேட்டா என்ன சொல்லுவேன்? உனக்கும் நம்ம பிள்ளை ஜாய்க்கும் சேர்த்து நான்தானே பதில் சொல்லணும்?"

இரண்டு வருடமாகக் கோபம் என்று அவள் நினைத்ததெல்லாம் இதுதானா? தொட்டு ஆறுதல் சொல்லக் கை எழுந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது.

மறுநாள் ஷ்யாமளா வீட்டுக்குப் போனாள். கதவு ஒரு சாண்தான் திறந்தது. சங்கிலியை எடுக்கவில்லை.

"உன் மேல கோபம் இல்ல ஜெயா. நீ பேசினதைக் கேட்டேன். ஆனா ஜாயோட விளையாட என் பொண்ணு கயலை இனிமே உங்க வீட்டுக்கு அனுப்ப பயமா இருக்கு."

வீட்டுக்கு வந்து ஜெயலீலா அதை அப்படியே சொன்னாள். சாந்தகுமார் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினார்.

"அந்தச் சின்னப் பொண்ணையா? நான் என்ன பண்ணிடுவேன்னு நினைக்கறாங்க?"

"நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்கும் தெரியலைங்க" என்றாள் ஜெயலீலா. "எனக்கும் அந்தப் பயம்தான்."